கரும்புச் சக்கையை நம்பி ஒரு காகித ஆலை

ஒரு டன் கரும்பை அரைத்தால் சுமார் 300 கிலோ சக்கை மிஞ்சும். அதில் பாதி ஈரம். சர்க்கரை ஆலைகள் இதைத் தம் கொதிகலனில் எரித்து நீராவி எடுப்பதுதான் வழக்கம். இந்தச் சக்கையை நம்பியே தொழில் தொடங்கியது, கரூர் மாவட்டம் புகழூர் காகிதபுரத்திலுள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம். 1979-ல் தமிழக அரசு நிறுவியது. 1984-ல் உற்பத்தி தொடங்கியது.

சக்கையைக் கொடுத்துவிட்டால் சர்க்கரை ஆலை எதை எரிக்கும்? அதற்கு ஈடாக நிலக்கரியோ நீராவியோ காகித ஆலை தரும். நம் ஊர் பண்டமாற்றுத்தான். கரும்பு அரைவை ஆண்டில் சில மாதங்களே நடப்பதால், சக்கையைக் குன்றுபோல் குவித்து, நனைத்து, கெடாமல் காப்பது பெரிய வேலை. காகிதத்துக்கு உதவாத சோற்றுப் பகுதியைப் பிரித்துக் கொதிகலனில் எரிக்கிறார்கள். சக்கை கழுவிய நீரிலிருந்தும் எரிவாயு எடுத்து, சுண்ணாம்புச் சூளைக்குப் பயன்படுத்துகிறார்கள்.

காகித ஆலைக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்து, சுற்றுவட்டார வயல்களுக்கு அனுப்பும் ஏற்றுநீர்ப் பாசனத் திட்டமும் இங்கு உண்டு. கோடையிலும் தண்ணீர் வருவது லாபம்தான். ஆனால் காகித ஆலை நீர் எதுவானாலும், சுத்திகரித்த பின்னும் அதில் சோடிய உப்பு தங்கும். கவனியாமல் பாய்ச்சினால் மண் இறுகிக் களராகும்.

ஆகவே இத்தகைய நீர் பாய்ச்சும் விவசாயிகள் ஆண்டுதோறும் மண்ணையும் கிணற்று நீரையும் சோதித்துக்கொள்வது அவசியம். களர் தென்பட்டால் சோதனையில் சொல்லும் அளவு ஜிப்சம் இட்டு, நல்ல நீர் தேக்கி வடிக்க வேண்டும். வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் போடுவது வீண் செலவு. தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம். தென்னையும் தீவனப் புல்லும் உப்பை ஓரளவு தாங்கும். பயறு வகைகள் தாங்கா.

இப்போது பல சர்க்கரை ஆலைகள் சக்கையை எரித்து மின்சாரம் விற்கின்றன. சக்கைக்குக் கிராக்கி கூடிவிட்டது. காகித நிறுவனமும் சவுக்கு, தைல மரம் வளர்க்க விவசாயிகளுடன் ஒப்பந்தம் செய்கிறது.

இதில் கரும்பு போட்டவருக்கு என்ன பங்கு? சர்க்கரை, சக்கை, கழிவுப்பாகு, ஆலைச்சேறு ஆகியவற்றின் மதிப்பில் 70 சதவீதம் கரும்பு விலையாகச் சேர வேண்டும் என்று 2012-ல் ரங்கராஜன் குழு பரிந்துரைத்தது. வெறும் கழிவு என்று சக்கையைத் தள்ளிவிடாமல், எத்தனை டன் போயிற்று, என்ன விலைக்குப் போயிற்று என்று உங்கள் ஆலையில் கேட்டுப் பாருங்கள்.