நீல டாபர்மேனின் முதுகு

நாயும் நாமும் – 11

கோலார் தங்கவயலில் ஒரு நாய்க்கு முடி கொட்ட ஆரம்பித்தால் முதல் பழி சயனைடு மேட்டின் மீது விழும். அடுத்த பழி வளர்ப்பவர் மீது. "வெறும் சோத்தைப் போட்டு வளர்த்தா இப்படித்தான்" என்பார் ஒருவர். "சொறி புடிச்ச நாயை உள்ள விடறீங்களே, புள்ளைங்க இருக்கிற வீடாச்சே" என்பார் இன்னொருவர். ராபர்ட்சன்பேட்டையோ மாரிக்குப்பமோ, முதுகு வழுக்கையான நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு தெருவில் நடப்பவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டேதான் நடக்க வேண்டும்.

மேட்டைச் சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது. தாதுவை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய கழிவு 3 கோடி டன்னுக்கு மேல் ஊரை ஒட்டியே குவிந்து கிடக்கிறது. 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள். மேடுகளை யாரும் எடுத்துப் போகவில்லை. காற்றுக் காலத்தில் அந்தத் தூள் திண்ணை வரை வருகிறது. அரிப்பு, இருமல் என்று மக்கள் புகார் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் புகாரை நான் துளியும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இந்த வாரம் நாம் பார்க்கப்போகும் வழுக்கை தூளால் வருவதல்ல, சோற்றால் வருவதுமல்ல. குட்டி தாயின் வயிற்றில் உருவான அன்றே அது தீர்மானமாகிவிட்டது.

சாம்பல் நிற டாபர்மேனைப் பார்த்திருப்பீர்கள். விற்பவர்கள் 'ப்ளூ' என்பார்கள். கருப்புக் குட்டியைவிட விலை கூட. வாங்கும்போது வெல்வெட் துணிபோல மின்னும். ஆறு மாதம் தாண்டியதும், சில நாய்களுக்கு இரண்டு மூன்று வயதில், முதுகுத்தண்டு நெடுக முடி மங்கும், வறளும், நுனி ஒடியும். பிறகு திட்டுத்திட்டாக மெலிந்து தோல் தெரியும். செதில் உதிரும், சிறு பருக்கள் எழும். ஒன்றைக் கவனியுங்கள்: கண்ணுக்கு மேலும் மார்பிலும் காலிலும் உள்ள செம்பழுப்புப் பகுதிகளில் முடி அப்படியே இருக்கும். சாம்பல் நிறம் உள்ள இடத்தில் மட்டும் உதிர்கிறது என்றால் விஷயம் அந்த நிறத்திலேயே இருக்கிறது.

முடிக்குக் கருமை தருவது மெலனின். தோலில் இருக்கும் நிறமிச் செல்கள் அதைச் சிறு துகள்களாக உண்டாக்கி, வளரும் முடிக்குள் அனுப்புகின்றன. துகள்களை நகர்த்திக் கொடுக்கும் வேலையில் மெலனோஃபிலின் என்ற புரதத்துக்குப் பங்கு உண்டு. அதை உண்டாக்கும் மரபணுவில் பிழை இருந்தால் துகள்கள் பரவாமல், சரியாகக் கிளறாத ராகிக் களிபோலக் கட்டி தட்டிவிடும். ஒளி அந்தக் கட்டிகளில் பட்டுத் திரும்புவதால்தான் கருப்பு நமக்குச் சாம்பலாகத் தெரிகிறது. பெரிய கட்டி இருக்கும் இடத்தில் முடித்தண்டு வலுவிழந்து முறிகிறது; வேர்க்குழியும் கெடுகிறது. நாய்களில் இந்தப் பிழை எங்கே இருக்கிறது என்று 2007-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

பிழையுள்ள பிரதி அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டும் சேர்ந்தால்தான் குட்டி சாம்பலாகப் பிறக்கும். ஒன்று மட்டும் இருந்தால் நாய் பளபளவென்று கருப்பாகவே இருக்கும், ஆனால் பிழையைச் சுமந்துகொண்டிருக்கும். அப்படிச் சுமக்கும் இரண்டு கருப்பு நாய்களைச் சேர்த்தால், ஒவ்வொரு குட்டியும் சாம்பலாகப் பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. "அப்பனும் ஆத்தாளும் கருப்பு, இது மட்டும் எப்படி?" என்று வியக்கிறவர்களுக்கு விடை இதுதான். சாம்பலாகப் பிறந்த எல்லா நாய்க்கும் முடி கொட்டும் என்றும் இல்லை. வைமரானர் இனம் முழுக்க இந்த நிறம்தான், அவற்றுக்கு வழுக்கை அபூர்வம். டாபர்மேனில்தான் பெரும்பாலானவை தப்புவதில்லை.

டாபர்மேன் இனத்தை உருவாக்கியவர் ஜெர்மனியின் அப்போல்டா ஊரைச் சேர்ந்த கார்ல் ஃபிரீட்ரிக் லூயிஸ் டாபர்மேன். பல வகை நாய்களைக் கலந்துதான் அதை உண்டாக்கினார். ஜாதி நாய்க்கு வம்சப் பதிவேடு வைத்து, வெளி ரத்தம் சேராமல் காக்கும் பழக்கமும் ஏறக்குறைய அந்தக் காலத்தில் வந்ததுதான். லண்டனில் கென்னல் கிளப் தொடங்கியது 1873-ல். நம் சுரங்கத்தை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் கால் வைத்தது 1880-ல். ஒரே தலைமுறையின் வேலைகள் இவை. பதிவேட்டுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்த்தால், ஒளிந்திருக்கும் பிழைப் பிரதிகள் ஒன்றையொன்று சந்திக்கும் வாய்ப்பு கூடும். உலக நாய்க் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ.யின் டாபர்மேன் வரையறையில் இன்று கருப்புக்கும் பழுப்புக்கும் மட்டுமே இடம், சாம்பலுக்கு இல்லை. அதே சாம்பலை 'ரேர் கலர்' என்று சொல்லி நம்மிடம் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். எனக்குக் கோபம் வரும் இடம் இது. பணம் கொடுத்து ஏமாந்தவரையே ஊரும் "நாயை வளர்க்கத் தெரியலை" என்கிறது.

அந்தப் பேச்சின் அடுத்த கட்டம் நாயின் உடம்பில் நடக்கிறது. மெக்கானிக் கடையிலிருந்து பழைய எஞ்சின் ஆயில் வாங்கிவந்து பூசுவார்கள். சிலர் மண்ணெண்ணெய். தயவுசெய்து செய்யாதீர்கள். மண்ணெண்ணெய் தோலை வேகவைத்துவிடும். எஞ்சின் ஆயிலை நாய் நக்கும். அதிலுள்ள உலோகங்களும் எண்ணெயும் வயிற்றுக்குள் போகும். கடையில் கேட்டு வாங்கிய சொறி ஊசியை அளவு தெரியாமல் போடுவதும் ஆபத்து. இத்தனைக்கும் இந்த வழுக்கை ஒட்டுவதே இல்லை, பிள்ளைகளுக்கும் சரி, பக்கத்து வீட்டு நாய்க்கும் சரி.

ஆனால் பரம்பரை என்று நாமே முடிவுகட்டி உட்கார்ந்துவிடவும் கூடாது. குணமாகக்கூடியவற்றை முதலில் கழித்துக்கட்ட வேண்டும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் டெமோடெக்ஸ், சொறிப் பூச்சி இருக்கிறதா என்று தெரிய வாய்ப்புண்டு. படர்தாமரைக்குத் தனிச் சோதனை இருக்கிறது. டாபர்மேனுக்குத் தைராய்டு குறைபாடு அடிக்கடி வரும். ரத்தப் பரிசோதனை செய்து மாத்திரை கொடுத்தால் முடி திரும்ப வளரும். அதைப் 'பரம்பரை' என்று விட்டுவிட்டால் நாய்க்கு அநியாயம். சில முடிகளைப் பிடுங்கி நுண்ணோக்கியில் வைத்தால் நான் சொன்ன நிறமிக் கட்டிகள் தெரியும். உறுதிப்படுத்தத் தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். உள்ளூரில் வசதி இல்லையென்றால் பெங்களூரு ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வேலைக்காக விடிகாலை ரயிலேறிப் பெங்களூரு போய்வரும் ஊருக்கு அது தெரியாத தூரமில்லை.

முடிவு நிறத்தோடு வரும் இந்த வழுக்கைதான் என்று வந்தால், முடியைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து கிடையாது. யாராவது உத்தரவாதம் கொடுத்தால் நம்பாதீர்கள். செய்யக்கூடியது தோலைக் காப்பது. நாய்களுக்கான மென்மையான ஷாம்பு, மருத்துவர் சொல்லும் இடைவெளியில். முரட்டு பிரஷ் வேண்டாம், ஏற்கெனவே ஒடியும் முடியை அது இன்னும் ஒடிக்கும். குளித்தபின் ஈரப்பதம் தரும் பூச்சு. சீழ்ப்பரு வந்தால் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் போக வேண்டும். வேர்க்குழியில் கிருமி தொற்றுவது இந்த நாய்களுக்கு வழக்கம். நண்பகல் வெயிலில் கட்டிப்போடாதீர்கள். மார்கழிக் குளிர் நம் ஊரில் சாதாரணமில்லை, பழைய ஸ்வெட்டரை வெட்டித் தைத்துப் போடுங்கள். இப்படிப் பார்த்துக்கொண்டால், முடி இல்லாததால் மட்டும் அதன் ஆயுள் குறைந்துவிடாது.

பாம் எனப்படும் பொமரேனியன் நாய் வைத்திருப்பவர்கள் கேட்பது வேறு வழுக்கை. தலையிலும் முன்னங்காலிலும் முடி இருக்கும். உடம்பும் தொடையும் மொட்டையாகி, தோல் கருத்துப்போகும். அலோபீசியா எக்ஸ் என்று பெயர். காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. கருத்தடை செய்தபின் சில நாய்களுக்கு முடி வளர்கிறது. சிலவற்றுக்கு மறுபடி கொட்டுகிறது. மெலடோனின் சிலவற்றுக்கு உதவுகிறது. சோதனைக்குத் தோல் எடுத்த இடத்தில் மட்டும் குப்பென்று முடி முளைப்பதும் உண்டு. தைராய்டும் குஷிங் நோயும் இல்லை என்று உறுதியானபின் இதுவும் பெரும்பாலும் தோற்றக்குறைதான், நோவில்லை.

மெக்ஸிகோவின் ஷோலோ நாய் பிறவியிலேயே முடியற்றது. அங்கே அது பெருமைக்குரிய இனம். அதன் மரபணு 2008-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கேயும் கணக்கு கறாரானதுதான்: அந்தப் பிரதி ஒன்று வந்த நாய்க்குப் பற்கள் குறையும், இரண்டும் வந்த குட்டி பிறக்காமலே போகும்.

ஆகவே சாம்பல் டாபர்மேனை, அதைப் பெற்ற கருப்பு நாய்களையும் சேர்த்து, இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள். "ஒரே ஒரு ஈத்து பார்த்துக்கலாம்" என்று கேட்டு வருகிறவர்களிடம் முடியாது என்று சொல்லுங்கள். மத்திய அரசின் 2017 விதிகளின்படி வளர்த்து விற்பவர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது. வாங்கப் போகும்போது பதிவுச் சான்றைக் கேளுங்கள், தாயை நேரில் பாருங்கள், தாய் தகப்பனுக்கு நிற மரபணுச் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் தடவி எடுத்தாலே அந்தச் சோதனைக்குப் போதும்.

டாபர்மேன் வம்சத்தில் வரும் நிஜமான ஆபத்து முதுகில் இல்லை, இதயத்தில் இருக்கிறது. வெளியே ஒரு அறிகுறியும் காட்டாமல் இதயத்தசை தளர்ந்துகொண்டே போகும் அந்த நோயைப் பற்றி அடுத்த வாரம் பேசுவோம்.