வேகமும் வேண்டும், பணமும் மிஞ்ச வேண்டும்

மாப்பிள்ளை பார்ப்பதிலும் பழைய மோட்டார் வண்டி பார்ப்பது கடினம் என்று நமது அத்தான் சொல்வதுண்டு. மாப்பிள்ளையைப் பற்றி அயலாரிடம் விசாரிக்கலாம். வண்டியைப் பற்றியோ அதை விற்க வந்தவரிடமே விசாரிக்க வேண்டியிருக்கிறது என்பது அவர் கூறும் நியாயம். கண்டிப் பகுதிப் பாடசாலைகளிலே நெடுங்காலம் கணிதம் படிப்பித்து இளைப்பாறியவர் அவர். இளைப்பாறும்போது கைக்கு வந்த பணத்திலே ஒரு பங்கை வீட்டுக் கூரைக்கும் இன்னொரு பங்கை மகளின் படிப்புக்கும் ஒதுக்கிய பின்னர், எஞ்சியதைக் கொண்டு குடும்பத்துக்கு ஒரு கார் வாங்குவதெனத் தீர்மானித்தார். அப்பணம் ஒருமுறை போனால் மறுமுறை வராது. இதனை மறவாமலே நாமும் அவருடன் புறப்பட்டோம்.

காரை ஓட்டப்போகிறவன் அவருடைய மகன். கொழும்பிலே கணக்கியல் பயிலும் அவனுக்குச் சாதாரண கார் வேண்டியதில்லை. “மாமா, கார் என்றால் மிதித்தவுடன் பாய வேண்டும்” என்றான். அவனுடைய அறைச் சுவரிலே மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் ஒருபுறமும் சுபாரு இம்பிரேசா மறுபுறமும் படமாக நிற்கின்றன. 1995இல் கொலின் மெக்ரே இம்பிரேசாவிலே உலக றலி சம்பியனானார். 1996 முதல் 1999 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து லான்சரிலே டொம்மி மாக்கினென் அப்பட்டத்தை வென்றார். நான்கு கதவும் ஐந்து இருக்கையும் பின்னே தனிப் பொதியறையும் கொண்ட குடும்ப வண்டிகள், சேற்றிலும் பனியிலும் பந்தயக் குதிரைகளாகப் பாய்ந்த காலம் அது. பிள்ளையின் ஆசையிலே பிழை காண நமக்கு மனம் வரவில்லை.

ஆனால் நமது நாட்டிலே ஆசைக்கும் பணப்பைக்கும் இடையே பெரும் பள்ளம் உண்டு. 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், பழைய கார்களின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. வாங்கிய விலைக்கு மேலே விற்றவர்களும் உளர். 2025 பெப்ரவரியிலே தனியார் கார்களுக்குக் கதவு திறக்கப்பட்டதாயினும், வரியுடன் சேர்த்துப் பார்க்கும்போது புதிய வண்டி ஓர் ஆசிரியரின் கைக்கு எட்டுவதன்று. ஆகவே பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய வண்டிகளிடையேதான் எமது தேட்டம்.

முதல் ஞாயிறு கொழும்பின் புறநகர் ஒன்றிலே டேர்போ பூட்டிய வண்டியொன்றைப் பார்த்தோம். அதன் பெயரை எழுதாது விடுகிறோம். குற்றம் அதனைச் செய்தவர்களுடையதன்று, வைத்திருந்தவருடையது. வெளிப்பூச்சு கண்ணாடிபோல் மின்னியது. பொனற்றின் மேலே கை வைத்தோம்; சுட்டது. “இப்போதுதான் கடைக்குப் போய்வந்தேன்” என்றார் உரிமையாளர். மருமகன் ஓட்டினான். ஓரளவு வேகம்வரை அமைதியாக இருந்த எஞ்சின் திடீரெனக் கிளர்ந்து எங்களை இருக்கையோடு அழுத்தியது. ஐம்பதைக் கடந்தவர்களுக்கும் அந்த உந்தல் இனிதாகவே இருக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

டேர்போ என்பது, வெளியேறும் புகையின் விசையாலே ஒரு சிறு சுழலியைச் சுழற்றி, எஞ்சினுக்குள் மேலதிகக் காற்றைத் திணிக்கும் கருவி. அச்சுழலி நிமிடத்துக்கு இலட்சம் சுற்றுக்கும் மேலாகச் சுழலக்கூடியது. அதன் அச்சைத் தாங்குவது எண்ணெய்ப் படலம் ஒன்றே. காலம் தவறி எண்ணெய் மாற்றுபவரும், விரைந்து ஓடிவந்த வண்டியைச் சற்றும் ஆறவிடாது நிறுத்துபவரும் அந்தப் படலத்தைக் கருக்கிவிடுகின்றனர். பின்னர் எண்ணெய் கசிந்து எரியும். நீலப் புகை வரும். எஞ்சின் சூடாகி நிற்கையிலே இது பெரும்பாலும் தெரியாது. சூடான பொனற்றைக் கண்டதும் எமக்குச் சந்தேகம் எழுந்தது இதனாலேதான்.

மறுநாள் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு ஏழு மணிக்கே போய் நின்றோம். நாகரிகமான செயலன்றுதான். உரிமையாளர் தயங்கித் தயங்கித் திறப்பைத் திருப்பினார். எஞ்சின் கிடுகிடுத்தது, பின்புறத்திலே நீலப் புகை எழுந்து மதிலை மறைத்தது. “காலைப் பனி” என்றார். கொழும்பிலே பனி! குளிர்ந்த எஞ்சினிலிருந்து மெல்லிய வெண்ணிற ஆவி வருவது இயல்பு. அது விரைவில் மறைந்துவிடும். நீலம் அப்படியன்று. மருமகனின் முகம் வாடிற்று.

நிற்க. திரும்பும் வழியிலே அத்தான் ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, வேகம் எதற்கு?” நகரப் பகுதியிலே 50, வெளி வீதியிலே 70, அதிவேகப் பாதையிலே 100 கிலோமீற்றர் என்று சட்டம் இருக்கையில், இருநூற்றைம்பது குதிரைவலுவை எங்கே செலவிடுவது? பையனிடம் விடை இல்லை. விடையை அத்தானே பழைய கொப்பி ஒன்றிலே எழுதிக் காட்டினார். ஆண்டுக்கு இருமுறையாவது அவர்கள் கண்டியிலிருந்து ஏ-9 வீதி வழியே யாழ்ப்பாணம் செல்பவர்கள். மணிக்கு 40 கிலோமீற்றரில் செல்லும் பஸ் ஒன்றைக் கடக்க, அதனிலும் ஏறத்தாழ 40 மீற்றர் அதிகமாக ஓட வேண்டும். சராசரியாக 60இல் கடக்கும் கார் அதற்கு ஏழு செக்கன் எடுக்கிறது. அதற்குள் தான் 120 மீற்றர் சென்றுவிடுகிறது. எதிரே 70இல் வரும் லொறி அதே நேரத்தில் 140 மீற்றர் நெருங்கிவிடுகிறது. ஆகவே 260 மீற்றர் வெறுமையான வீதி வேண்டும். மந்தமாக ஏறி, சராசரி 50ஐ மட்டுமே எட்டும் காருக்கோ பதினான்கு செக்கனுக்கு மேலாகும். 480 மீற்றர் வேண்டும். வேகம் உயிர் காக்கும் இடம் இதுவே. நின்ற நிலையிலிருந்து 100ஐ எத்தனை செக்கனில் தொடுகிறது என்று விளம்பரங்கள் கூறும் கணக்கு நமக்கு ஆகாது. 40இலிருந்து 70க்கு எவ்வளவு விரைவாக ஏறுகிறது, 70இலிருந்து எவ்வளவு நேராக நிற்கிறது என்பவையே கணக்கு. வேகம் 50இலிருந்து 70க்கு ஏறும்போது பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ஏறக்குறைய இருமடங்காகிறது என்பதையும் அத்தான் அடியிலே எழுதிக் கோடிட்டார்.

இரண்டாம் ஞாயிறு ஜேர்மனிய வண்டி. இம்முறை மயங்கியவர் நாமே. பின் சக்கரங்கள் உந்த, முன் சக்கரங்கள் திரும்பும் வேலையை மட்டும் செய்யும் அமைப்பு அது. ஸ்டியரிங்கைச் சிறிது அசைத்தால் வண்டியும் சிறிது அசைந்தது. வீதியின் ஒவ்வொரு மேடும் உள்ளங்கைக்குச் செய்தி சொல்லிற்று. முற்பணம் கொடுக்கலாம் என்று நமது வாய் கூறியும்விட்டது. அந்நேரத்திலே தூறல் விழ, குடையைத் தேடிய அத்தான் பின் பொதியறையைத் திறந்தார். அங்கே விரிப்பு சற்றே தூக்கி நின்றது. படிப்பித்த பழக்கம் போலும், அதை நேராக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. மேலதிகச் சக்கரம் வைக்கும் குழியின் தகடு மடிந்து, மறுபடி தட்டி ஒட்டப்பட்டிருந்தது. ஓட்டும்போது வண்டி நேரே சென்றாலும் ஸ்டியரிங் வட்டம் சற்றே சாய்ந்து நின்றதை அப்போதுதான் நினைத்துப் பார்த்தோம். “சிறு தட்டல்தான் ஐயா” என்றார் தரகர். முதுகெலும்பு வளைந்த வண்டியிலே பிள்ளைகளை ஏற்றி ஏ-9இலே அனுப்புவது எவ்வாறு? கண்டி வரும்வரை மூவரும் பேசவில்லை.

மூன்றாம் ஞாயிறுக்கு முன் மருமகனே ஒரு பட்டியல் தயாரித்தான். சுவரிலிருந்த படங்கள் அதிலே இல்லை. அவன் குறித்தது ஹொண்டா சிவிக்கின் எட்டாம் தலைமுறை. 2005இலே வெளிவந்த அமைப்பு. 1800 கன சென்ரிமீற்றர் எஞ்சின், 140 குதிரைவலு, டேர்போ இல்லை. எஞ்சினின் நேரக்கட்டுப்பாட்டுக்கு ரப்பர்ப் பட்டிக்குப் பதிலாகச் சங்கிலி. அதே வகுப்பிலுள்ள பல வண்டிகளின் பின் சக்கரங்கள் ஒரே விட்டத்தாலே பிணைக்கப்பட்டிருக்க, இதிலே ஒவ்வொன்றும் தனித்து அசையும். ஆகையால் கெட்ட வளைவிலே ஒரு சக்கரம் குழியில் விழுந்தாலும் மற்றது தரையை விடுவதில்லை. 250 குதிரைவலுவின் பாதிக்குச் சற்று மேலான வலுவே இது. ஆனால் வண்டி ஏறக்குறைய 1200 கிலோதான்.

விற்பவர் மாவனல்லையில் இருந்தார். அங்கிருந்து கடுகண்ணாவை ஏற்றம் தொடங்குகிறது. வண்டியைச் சோதிக்க அதனிலும் நல்ல பாடசாலை இல்லை. இம்முறை அக்காவையும் அழைத்துச் சென்றோம். அதற்குக் காரணம் உண்டு. தனியே ஒருவர் ஓட்டிப் பார்க்கும் வண்டி வேறு, நால்வர் ஏறிய வண்டி வேறு. நால்வரின் நிறை 300 கிலோ என்று கொண்டால், தொன் ஒன்றுக்கு 117 ஆக இருந்த குதிரைவலு 93 ஆகக் குறைந்துவிடுகிறது. குளிரூட்டியும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. குடும்பத்துக்கு வாங்கும் வண்டியைக் குடும்பத்தோடுதான் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பொனற் குளிர்ந்திருந்தது. எஞ்சின் புகையின்றிக் கிளம்பிற்று. முதலில் உரிமையாளரை ஓட்டச் சொன்னோம். ஒருவர் தம் வண்டியை எப்படி நடத்துகிறார் என்பது பத்து நிமிடத்திலே தெரிந்துவிடும். அவர் பள்ளங்களைக் கண்டு ஒதுங்கினார், குளிர்ந்த எஞ்சினை விரட்டவில்லை. காப்புறுதி மற்றவர் ஓட்டுவதற்கும் செல்லுமா என்று கேட்டறிந்த பின்னரே மருமகன் சாரதி இருக்கையிலே அமர்ந்தான். வெற்றுத் திடலொன்றிலே ஸ்டியரிங்கை முற்றாகத் திருப்பி மெல்ல வட்டமிட்டான். அச்சு மூட்டுக்களிலே ‘டக் டக்’ என்ற ஓசை இல்லை. ஏற்றத்திலே குளிரூட்டியுடன் நால்வரையும் சுமந்துகொண்டு மூச்சு வாங்காமல் ஏறிற்று. டேர்போவின் உந்தல் இல்லை; மிதித்த அளவுக்கு வலு வந்தது. பாறையைக் குடைந்து அமைத்த பழைய பாதையைக் கண்டதும் அக்கா வழக்கம்போல அதன் கதையைத் தொடங்கினார். வளைவுகளிலே கதை தடைப்படாதது நல்ல சகுனம் என்று நாம் குறித்துக்கொண்டோம்.

உண்மையான பரீட்சை இறக்கத்தில். கியரைத் தாழ்த்தி, எஞ்சினையே தடையாக்கி இறங்கினோம். பின்னே வாகனம் இல்லாத இடத்திலே, சொல்லிவிட்டு, பிரேக்கை ஓங்கி மிதித்தான் மருமகன். வண்டி நேரே நின்றது. ஆனால் ஸ்டியரிங் சிறிது நடுங்கிற்று. பிரேக் வட்டு சீரற்றுத் தேய்ந்ததன் அடையாளம். கீழே வந்து டயர்களைப் பார்த்தோம். விளிம்பிலுள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். ‘1116’ என்றிருந்தது; 2016ஆம் ஆண்டின் பதினோராம் வாரம். பூ இன்னும் இருந்தது, ரப்பர் வெடித்திருந்தது. இவை மறைத்த குற்றங்கள் அல்ல, தேய்ந்த பொருள்கள். விலை பேச உதவுவனவும் இவையே.

கராஜிலே பாஸ் வண்டியை உயர்த்தி அடிப்புறத்தைத் தட்டிப் பார்த்தார்; அவருக்குக் கொடுத்த கூலி மூன்று வாரத்திலும் நாம் செய்த செலவுகளில் மிகச் சிறந்தது. பிரேக் மிதியின் ரப்பர் தேய்வும் கிலோமீற்றர் மானியின் எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்தின. பதிவுச் சான்றிதழிலே விற்பவரின் பெயரே இருந்தது. கடன் கொடுத்த நிறுவனம் எதுவும் முற்றுரிமையாளராகக் குறிக்கப்படவில்லை. அடிச்சட்ட இலக்கமும் ஒத்திருந்தது. பெயர் மாற்றாது கைமாறும் ‘திறந்த’ பத்திரங்களோடு வரும் வண்டி எவ்வளவு மலிவானாலும் அத்தான் வாங்கியிருக்க மாட்டார்; நாமும் விட்டிருக்க மாட்டோம்.

விலை குறைந்தது. குறைந்த பணத்திலே நான்கு புதிய டயர்களும், கடைந்து சீராக்கிய பிரேக் வட்டுகளும், புதிய பிரேக் எண்ணெயும் அடங்கின. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. பழையதாயின் நீண்ட இறக்கத்தின் வெப்பத்திலே கொதித்து, மிதி அடிவரை இறங்கிவிடும். மலைநாட்டிலே வாழ்வோர் பலர் எஞ்சின் எண்ணெயை நினைக்கிறார்கள், இதனை மறக்கிறார்கள்.

சென்ற மாதம் அவர்களுடன் நாமும் யாழ்ப்பாணம் சென்றோம். வவுனியாவைத் தாண்டிய நேர் வீதியிலே ஒரு பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. மருமகன் பின்னே பொறுத்திருந்து, வீதி வெறுமையானதும் கடந்தான். முன் இருக்கையிலே அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை, அப்பா?”

“ஆறரை” என்றார் அவர். பின் இருக்கையிலே அக்கா நித்திரையாக இருந்தார்.