பொறியின் தட்டொலியும் காபன் படிவும்

பழைய மோட்டார் வண்டியொன்று சுமையுடன் மேடேறும்போது, சிறு சுத்தியலால் இரும்பைத் தட்டுவது போன்ற ஓசை அதன் பொறியிலிருந்து எழுவதுண்டு. இதனைத் தட்டொலி என்பர். ஓசையை அடக்குதலும் அதன் காரணத்தை நீக்குதலும் ஒன்றல்ல என்பதை இதன் வரலாறு நன்கு உணர்த்துகின்றது.

பெற்றோற் பொறியில், பிஸ்டன் எனப்படும் முசலம் எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவையை அமுக்க, அது தீப்பொறியாற் பற்றுகின்றது. தீ ஓரிடத்தில் தொடங்கி ஒழுங்காகப் பரவுதலே முறை. ஆயின், தீ சென்றடையுமுன்னரே எஞ்சிய கலவை வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் தானாக ஒருசேர எரிந்துவிடின், அமுக்க அலைகள் உருளையின் சுவரை மோதுகின்றன. அம்மோதலே தட்டொலியாகும். இது நீடிப்பின் முசலத்தின் தலை அரிக்கப்படும், கஸ்கெற்றும் சிதையும். தட்டொலியை எதிர்க்கும் எரிபொருளின் ஆற்றலை அளப்பதே ஒக்டேன் எண்.

காபன் படிவு இத்தீங்கினை வளர்க்கின்றது. அது எரிப்பறையின் இடத்தைக் குறைத்து அமுக்கத்தைக் கூட்டுகின்றது. போர்வைபோல் மூடி வெப்பத்தை உள்ளே தேக்குகின்றது. சில வேளை அது தணலாகக் கனன்று, தீப்பொறிக்கு முன்னரே கலவையைப் பற்றவைப்பதுமுண்டு.

1921ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி என்பார், ஈயச் சேர்வையொன்றைப் பெற்றோலிற் சிறிதளவு கலப்பின் தட்டொலி அடங்குமெனக் கண்டார். 1923இல் அப்பெற்றோல் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டிலேயே, நியூ ஜேர்சியில் அச்சேர்வையை ஆக்கிய ஆலையொன்றில் தொழிலாளர் ஐவர் நஞ்சேறி மாண்டனர். எனினும் அதன் பயன்பாடு உலகெங்கும் பரவியது. ஓசை அடங்கிற்று, புகைவழிச் சென்ற ஈயமோ சிறுவர்தம் மூளை வளர்ச்சியைப் பாதித்தது. வீதி வாகனங்களுக்கான ஈயப் பெற்றோல் இலங்கையில் 2002இலும், உலகில் இறுதியாக அல்ஜீரியாவில் 2021இலும் கைவிடப்பட்டது.

1990களில் யாழ்ப்பாணத்திற் பெற்றோல் அருகியபோது, ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய வண்டிகள் சிறிது பெற்றோலால் இயக்கிவிடப்பட்டு, மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் மிகத் தாழ்ந்தது. அது எளிதில் ஆவியாவதுமில்லை. ஆதலின் தட்டொலியும் கரியும் ஒருங்கே பெருகும். அமுக்க விகிதம் குறைந்த பொறிகளாதலின் அவை ஒருவாறு தாக்குப்பிடித்தன.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? முதலில், தீப்பொறி உரிய நேரத்திற்கு முந்தி எழுகின்றதா எனப் பார்த்துத் திருத்தல் வேண்டும். அடுத்து, நீர்ச் சுற்றோட்டத்தில் துருவும் அடைப்பும் உளவாயின் நீக்கல் வேண்டும். கலவையில் பெற்றோல் மிகினும் கரி படியும். குறையினும் வெப்பம் ஏறும். இவை சீராயிருந்தும் ஓசை நில்லாவிடின், உருளைத் தலையைக் கழற்றி, மரத்தாலோ மென்மையான உலோகத்தாலோ ஆன கருவியாற் படிவைச் சுரண்டி அகற்றுதலே வழி. முசல வளையங்கள் தேய்ந்து எண்ணெய் மேலேறுமாயின் அவற்றையும் மாற்றல் வேண்டும். அன்றேல் சுரண்டிய கரி மீண்டும் படியும். மேடேறுகையிற் தாழ்ந்த கியரை இடுதல் ஓட்டுநர் கடன்.

கூடிய ஒக்டேன் கொண்ட பெற்றோலை ஊற்றுவதும் ஓசையைத் தணிக்கும். ஆயின் படிந்த கரி அங்கேயே கிடக்கும். தட்டொலி பொறி தரும் எச்சரிக்கை. அதனை அடக்குமுன், அது கூறுவது யாதென ஆராய்தலே அறிவுடைமையாகும்.