சம்பளமா, இன்வாய்ஸா?

கோவையில் ஒரு வீட்டின் மாடி அறை. இரவு ஏழு மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால் அமெரிக்க கம்பெனியின் மீட்டிங் தொடங்கிவிடும். மாதம் பிறந்தால் டாலரில் பணம். ‘பொண்ணு அமெரிக்க கம்பெனியில வேலை பார்க்குறா’ என்று அம்மாவுக்குத் தெருவெல்லாம் பெருமை. மகள் கர்ப்பமாகி, பிரசவ விடுப்பு கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒப்பந்தத்தில் அவர் ‘ஊழியர்’ இல்லை; ‘கான்ட்ராக்டர்’. விடுப்பு எடுக்கலாம், பணம் வராது.

இந்தப் பெண் கற்பனை. ஆனால், வீட்டிலிருந்தே வெளிநாட்டு வேலை பார்க்கும் பலர் கையெழுத்துப் போட்டிருப்பது இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில்தான்.

ஊழியர் என்றால் முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு, பி.எஃப்.பில் நிறுவனத்தின் பங்கு, கிராஜுவிட்டி எல்லாம் உண்டு. கான்ட்ராக்டரோ சட்டத்தின் கண்ணில் தனியாகத் தொழில் செய்பவர். இன்வாய்ஸ் அனுப்ப வேண்டும், வருமான வரியை அவரே கணக்குப் பார்த்துக் கட்ட வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் சேர்ந்துகொள்ளும்.

சரி, காகிதத்தில் ‘கான்ட்ராக்டர்’ என்று எழுதிவிட்டால் முடிந்ததா? இல்லை. தையல் கடை ஒன்றின் வழக்கில் 1973-லேயே உச்ச நீதிமன்றம் இதைப் பார்த்துவிட்டது. அங்கே டெய்லர்களுக்குத் தைத்த துணிக்குத்தான் கூலி. சிலர் துணியை வீட்டுக்கும் எடுத்துப் போவார்கள். ஆனால் மெஷின் கடையுடையது. தையல் சரியில்லை என்றால் பிரித்துத் தைக்கச் சொல்லும் அதிகாரமும் கடைக்காரருக்கு இருந்தது. அவர்கள் ஊழியர்களே என்றது நீதிமன்றம். அரை நூற்றாண்டுக்கு முந்தைய ‘வொர்க் ஃப்ரம் ஹோம்’!

லேப்டாப் யாருடையது, வேலை நேரத்தை யார் சொல்கிறார்கள், வேறு கம்பெனிக்கும் வேலை செய்யலாமா என்ற கேள்விகள் இன்றும் அதே வழியில்தான் போகின்றன. சிக்கல் என்னவென்றால், அந்தக் கடைக்காரர் உள்ளூரில் இருந்தார். இந்தியாவில் அலுவலகமே இல்லாத கம்பெனியை எங்கே போய்ப் பிடிப்பது? வழக்கென்றால் வெளிநாட்டு நீதிமன்றத்தில்தான் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இருக்கலாம்.

சில கம்பெனிகள் இங்குள்ள வேறொரு நிறுவனத்தின் மூலம் முறைப்படி ஊழியராகச் சேர்த்துக்கொள்கின்றன. சம்பளப் பட்டியல், பி.எஃப். எல்லாம் அந்த நிறுவனம் பார்த்துக்கொள்ளும். கையெழுத்துக்கு முன்பே ‘அப்படிச் சேர்ப்பீர்களா?’ என்று கேட்டுப் பார்க்கலாம். முடியாது என்றால் பி.எஃப்., மருத்துவக் காப்பீடு, விடுப்பு நாள்கள் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு, மாதத் தொகையைக் கூட்டிக் கேட்கலாம்.