எரியும் முகமும் மருந்துக்கடைக் களிம்பும்

கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த கொல்லிமலையில் காற்று குளிர்வதால் வெயில் தாக்காது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புறஊதாக் கதிரின் வீச்சு ஏறத்தாழ 10 சதவீதம் மிகுகிறது. மிளகுத் தோட்டத்து நிழலைவிட்டு வெளியே வந்தால், காலையில் மழித்த கன்னமே முதலில் அதை உணரும்.

ஆணின் தோல் தடித்தது, அதற்கென்ன என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். தடிப்பு உண்மைதான். ஆனால், சவரக்கத்தி முடியோடு தோலின் மேலடுக்கையும் சிறிது வழித்தெடுக்கிறது. ஈரத்தைக் காக்கும் அரண் அதுவே. அதன்மேல் படிகாரத்தைத் தேய்த்து, எரிந்தால்தான் தூய்மை என்று நம்பவும் பழகிவிட்டோம்.

என்னை அச்சுறுத்துவது அடுத்த படி. 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி நாமக்கல்லில் தோல் மருத்துவரைக் காண்பதைவிட, அருகிலுள்ள மருந்துக்கடை எளிது. அங்கே கைக்கு வருவது பல வேளைகளில் ஸ்டீராய்டு களிம்பு. இரண்டு நாளில் சிவப்பு அடங்கும். மாதக்கணக்கில் தடவினாலோ தோல் மெலியும், இரத்த நாளங்கள் வெளித்தெரியும். நிறுத்தினால் முன்னினும் கடுமையாக எரியும். அதற்கு அஞ்சி மீண்டும் அதையே தடவுவர்.

இத்தகைய 14 பூச்சு மருந்துகளை 2018-இல் மத்திய அரசு, மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சீட்டைக் கேட்கும் கடைகளை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

வெதுவெதுப்பான நீரில் நனைத்து, முடி வளரும் திசையிலேயே மழித்து, மணமற்ற ஈரப்பதக் களிம்பைப் பூசினாலே பலருக்கு எரிச்சல் தணியும். ஏற்கெனவே நெடுநாள் ஸ்டீராய்டு தடவி வருவோர் மட்டும், எப்படி நிறுத்துவது என்பதைத் தோல் மருத்துவரிடம் கேட்டே ஆகவேண்டும்.