சிரிக்காத முகத்தின் நகைச்சுவை

பாட்டு, நடனம், வித்தை, நகைச்சுவை எனத் தனித்தனி நிகழ்ச்சிகளை ஒரே மேடையில் அடுத்தடுத்து வழங்கிய அமெரிக்கப் பல்சுவை அரங்கான வாட்வில்லில், 1895இல் கான்சஸ் மாநிலத்தில் பிறந்த பஸ்டர் கீட்டன், சிறுவயதிலேயே பெற்றோருடன் நடித்தார். தந்தை தூக்கி எறிய, அடிபடாமல் விழப் பழகிய அவர், தாம் சிரித்தால் அவையோரின் சிரிப்பு குறைவதை உணர்ந்து, சலனமற்ற முகத்தையே தம் அடையாளமாக்கிக்கொண்டார். 1917இல் திரைக்கு வந்தார். 1928இல் வெளியான 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில், புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுவதும் அவர்மீது சரிய, மாடிச் சன்னலின் திறப்பு அவர் நின்ற இடத்தில் சரியாகப் பொருந்தியதால் உயிர் தப்பும் காட்சி, மாற்று நடிகரின்றி, உண்மையான கனத்த சுவரைக் கொண்டே எடுக்கப்பட்டது என்பது இன்றும் வியக்கத்தக்கது. அதே ஆண்டில் எம்.ஜி.எம். திரைப்பட நிறுவனத்தில் சேர்ந்து அவர் படைப்புச் சுதந்திரத்தை இழந்தது திரைக்கலைக்கே நேர்ந்த இழப்பு எனலாம். 1960இல் அவருக்குச் சிறப்பு ஆஸ்கர் விருது வழங்கப்பட்டது.