தீவுக்கு ஒரு நாள்: ஊன்றுகோலுடனும் போய் வரலாம்

1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பலவற்றில் இன்று ஒரு முதியவர் இருப்பார். "ஒருக்கால் எங்கட வளவைப் பாத்திட்டு வருவம்" என்பது அவருடைய ஆசை. பிள்ளைகளுக்கும் தீவைப் பார்க்க விருப்பமே. ஆனால் முழங்கால் நோ, ஊன்றுகோல், சக்கர நாற்காலி என்று ஏதோ ஒன்று குறுக்கே நிற்க, பயணம் வருடக்கணக்கில் பின்போடப்படுகிறது. போரில் கால் இழந்த இளையோர் வீட்டிலும் இதே கதைதான்.

உண்மையில் தீவுகளின் நிலம் நடப்பதற்குக் கடினமானதல்ல. ஏற்றமில்லை, இறக்கமில்லை. தடை இருப்பது இறங்குதுறையில். எனவே நாம் இடங்களை அழகைப் பார்த்து அல்ல, படகு ஏற வேண்டுமா, வேண்டாமா என்று பார்த்துத் தெரிவு செய்வது நல்லது.

படகே தேவைப்படாத தீவுகளும் உண்டு. பொன்னாலைத் தாம்போதி வழியாகக் காரைநகருக்கு வாகனத்திலேயே போகலாம். பண்ணைத் தாம்போதி வழியாக வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும், அங்கிருந்து இன்னொரு தாம்போதியால் புங்குடுதீவுக்கும் போகலாம். காரைநகரின் கசூரினா கடற்கரையில் சவுக்கு மரநிழல் உண்டு. கடல் ஆழம் குறைந்தது, அலையும் குறைவு. நெடுந்தூரம் போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாத இடங்கள் உள்ளன. வேலணையின் சாட்டிக் கடற்கரையும் அமைதியானது. ஆனால் உலர்ந்த மணலில் சக்கர நாற்காலியின் சில்லு புதையும். நீர் நனைத்து இறுகிய மணலோரமாகத் தள்ளினால் ஓடும். அதுவரை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிச் செல்ல வேண்டியிருக்கும். செயற்கைக்கால் அணிந்தவர்கள் மணலில் சிறிது நேரம் நடந்ததும் காலைக் கழற்றித் துடைத்துக்கொள்ள வேண்டும். பொருத்தும் இடத்தில் மணல் புகுந்தால் தோல் உரிந்துவிடும்.

புங்குடுதீவின் மறுமுனையில் உள்ள குறிகட்டுவானில் இருந்தே நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு புறப்படுகிறது. படகு துறையை விடத் தாழ்ந்து நிற்கும், அலைக்கு ஆடும். பழைய வகைப் படகுகளில் குனிந்து உள்ளே இறங்கியே இருக்க வேண்டும். முதியவரை முன்னும் பின்னும் ஒவ்வொருவர் பிடிக்க வேண்டும். முன்னே பிடிப்பவர் முதலில் படகினுள் இறங்கி நிற்பது அவசியம். நாற்காலியை மடித்துத் தனியாக ஏற்றுங்கள். கூட்டம் ஏறும்போது நெருக்குப்படாமல், படகோட்டிகளிடம் முன்பே சொல்லி முதலில் ஏறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காலத்தையும் பார்க்க வேண்டும். வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் வீசும். கார்த்திகை, மார்கழியில் வாடையும் மழையும். மாசி, பங்குனியில் கடல் பெரும்பாலும் அமைதி. கடும் காற்றில் சேவை நிறுத்தப்படுவதும் உண்டு. ஆகவே புறப்படுவதற்கு முதல்நாள் விசாரியுங்கள்.

படகு ஏற முடியுமா என்று ஐயப்படுவோர் முதலில் நயினாதீவுக்குப் போய்ப் பார்க்கலாம். பயணம் கால் மணி நேரம் அல்லது சற்றுக் கூட. நாகபூசணி அம்மன் கோயில் இறங்குதுறைக்கு அருகிலேயே இருக்கிறது. நாகதீப விகாரையும் அதே கரையில், நடக்கும் தூரத்தில் உள்ளது. கோயிலின் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் வழங்கப்படுகிறது. மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவம் இத்தீவே என்று கருதுவோர் பலர். மண்டபத்தின் பெயர் அந்த அட்சய பாத்திரத்தின் பெயர்தான். நிலத்தில் இருந்து சாப்பிட முடியாதவருக்குக் கதிரை கேட்டு வாங்குங்கள். ஆனித் திருவிழா நாட்களில் நெரிசல் மிக அதிகம். நடக்க இயலாதவர்களுக்கு அந்த நாட்கள் உகந்தவை அல்ல என்பது எமது கருத்து.

நெடுந்தீவு ஒரு மணி நேரப் பயணம். இறங்கியதும் ஓட்டோ பிடித்துக்கொண்டால் பெரும்பாலான இடங்களை வண்டியில் இருந்தபடியே பார்க்கலாம். சீமெந்தோ சாந்தோ இன்றி முருகைக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள் வீதியோரம் எங்கும் உள்ளன. தோட்டம் செய்தவர்கள் அவற்றைப் பார்த்தால் வண்டியை நிற்பாட்டச் சொல்வார்கள். காற்றையும் கால்நடையையும் தடுக்க, அந்த நிலத்திலேயே கிளறி எடுத்த கல்லை இப்படிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பெருக்குமரம் ஆபிரிக்காவைச் சேர்ந்தது. அரபு வணிகர் கொண்டுவந்தது என்பார்கள். அதன் பொந்துக்குள் ஆட்கள் நிற்கலாம். கோட்டை இடிபாட்டினுள்ளே கற்குவியல். ஊன்றுகோலுடன் உள்ளே போக வேண்டாம், வெளியே நின்று பார்ப்பதே போதும். புறாக்கூடு நிலமட்டத்தில் இருந்தே தெரியும். ஐரோப்பியர் காலத்தில் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை இன்று வெளியில் தாமாக மேய்கின்றன. அவற்றின் மேய்ச்சல் நிலம் உட்பட ஒரு பகுதி 2015இல் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. வண்டி நின்ற இடத்தில் பொறுமையாக இருந்தால் குதிரைகளைக் காணலாம். அருகே போகக் கூடாது.

நெடுந்தீவில் உணவுக்கடைகள் சில மட்டுமே. காலையிலேயே சொல்லி வைத்தால் சோறும் மீன்கறியும் ஆயத்தமாக இருக்கும். ஒடியற்கூழ் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் நண்டும் மீனும் போட்ட கூழில் முள்ளும் ஓடும் இருக்கும், பார்வை குறைந்தவர்களுக்கு அருகிருந்து எடுத்துக் கொடுங்கள். பல கிணறுகளில் நீர் உவர். குடிநீரைக் கையோடு கொண்டு போங்கள். நண்பகல் வெயிலில் எங்கும் அலையாமல் நிழலில் இருங்கள்.

மலசலகூடம்தான் பெரும் குறை. பல இடங்களில் படி உண்டு, பிடிகம்பி இல்லை, கதவும் நாற்காலி நுழையும் அகலமில்லை. இதைச் சகித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பொதுக் கட்டடங்களுக்கும் பொது இடங்களுக்கும் அணுகுவசதி இருக்க வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதிகள் வெளியாகின. சாய்தளமும் பிடிகம்பியும் கேட்டுப் பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுதலாம். எந்த இடம், எந்தத் திகதி, யாருக்கு என்ன இடர் ஏற்பட்டது என்று குறிப்பிட்டு எழுதி, பிரதியை வைத்திருங்கள்.

காணி பார்க்கப் போகிறவர்கள் உறுதியின் பிரதியையும் கொண்டு போங்கள். எல்லைக்கல் பற்றைக்குள் மறைந்திருக்கும். அது எங்கே இருந்தது என்பது அந்த முதியவருக்குத்தான் தெரியும். திரும்பி வரும் கடைசிப் படகின் நேரத்தை, கரையில் இறங்கியவுடனேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.